சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில்

கிருணாவில் டிசம்பர்.
சூரியன் விடுப்பில் போய்ப் பத்து நாள்.
கராஜ் கதவிடுக்கில் மைனஸ் இருபத்தெட்டு
மூக்கை நுழைத்துப் பார்க்கிறது.

என் வண்டி வால்வோ அமேசான்,
அறுபத்தேழாம் வருடத்தது.
பெயரில் மட்டும் மழைக்காடு.
உட்கார்ந்து இரண்டு மூச்சு விட்டால்
கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாய்ப் பூத்துவிடும்.
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் சுரண்டி,
இப்படித்தான் பதினோரு குளிர்காலம்
ஆஸ்பத்திரி இரவுப் பணிக்குப் போய் வந்தேன்.

ஹீட்டர் இல்லாமல் இல்லை.
டாஷ்போர்டில் மூன்று லீவர்கள்:
ஒன்று காலுக்கு, ஒன்று கண்ணாடிக்கு,
மூன்றாவது
சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் எங்கோ
பிடிவாதமாய் நின்றுபோனது.
தள்ளினால் உள்ளே கம்பி வளையும்,
வால்வு அசையாது.
வால்வோவுக்கு வால்வுதான் வினை.
போதாக்குறைக்குக் கசிவு வேறு.
பச்சைத் தண்ணீர், தித்திப்பு வாசம்,
சொட்டுச் சொட்டாய்
பக்கத்து இருக்கைக்காரரின் சாக்ஸில்.

அந்த இருக்கையில் ஒன்பது வருடம் சிக்ஸ்டன்.
அவனுக்கு எப்போதும் 'போதும்',
எனக்கு எப்போதும் 'இன்னும் கொஞ்சம்'.
லீவர் இறுகியிருந்தது ஒருவகையில் நல்லதாயிற்று.
சண்டை போட
அங்கே நகரக்கூடியது எதுவும் இல்லை.
பிறகு அவன் கோத்தன்பர்க் போய்விட்டான்.
ஈரச் சாக்ஸ் காரணமல்ல என்று
இரண்டு முறை சொன்னான்.

இந்த வருடச் சோதனையில்
ஆய்வாளர் ஒரே வரி எழுதினார்:
முன்கண்ணாடி தெளியவில்லை.

எல்லே ரிஸ்தென் வந்தாள்,
ஸ்னோமொபைல்களுக்கு வயரிங் பார்ப்பவள்,
உதட்டில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு பேசுபவள்.
பையில் பன்னிரண்டு வோல்ட் வால்வு ஒன்று,
கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார்,
இலவச இணைப்பாக ஒரு தொடுதிரை.
திரை வேண்டாம் என்றேன்.
கையுறை போட்ட விரலுக்கு அது செவிடு.
சரி, முகம் பழசாகவே இருக்கட்டும்,
நரம்பை மட்டும் மாற்றுவோம் என்றாள்.

கேக் தட்டில் கூலன்ட்டை வடித்தோம்.
பழைய வால்வைப் பிடுங்கியபோது
முடிபோல் மெலிந்த செப்புச் சுருள்
காற்றுப் பாதையிலிருந்து நீண்டு நீண்டு வந்தது,
முனையில் அறுந்து.
எந்த வருடம் அறுந்ததோ.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள்.
என்ஜினில் எந்நாளும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.
அடைத்துக்கொண்டது அகப்பை.

விழுந்த திருகாணி ஒன்றை
முக்கால் மணி நேரம் டாஷுக்குள் தேடினோம்.
என் ஸ்வெட்டர் கையில் இருந்தது.

இப்போது லீவருக்குப் பின்னால் கம்பி இல்லை,
கரப்பான் அளவில் ஒரு மின்தடை.
தள்ளினால் வெண்ணெயில் கத்தி.
'கனமே இல்லையே' என்றேன்.
'வேலையை வேறு யாரோ செய்கிறார்கள், அதனால்தான்'
என்று விளக்கை அணைத்தாள்.

காலை ஆறரை, பணி முடிந்து வீட்டுக்கு.
கண்ணாடியின் அடியிலிருந்து
இரண்டு கறுப்புப் பிறைகள் எழுந்து
மெல்லப் பெருத்து
ஒன்றையொன்று தொட்டன.
பிறைக்குள் சாலை. சாலைக்குள் தண்டவாளத் தடுப்பு.
இரும்புத்தாது ரயில்.
எண்ணத் தொடங்கினால் அறுபத்தெட்டு பெட்டி.

இருபதாவதில் கையுறையைக் கழற்றினேன்.
முப்பத்தைந்தில் தொப்பியை.
நாற்பதில் கழுத்துப் பட்டைக்குள் வியர்வை.
ஐம்பதை எண்ணத் தவறிவிட்டேன்.
விரல் தானாகப் போய்
லீவரை நீலத்தின் பக்கம்
ஓர் அங்குலம் தள்ளியது.

'போதும்' என்றேன்,
காலி இருக்கையைப் பார்த்து.
அதன் அடியில் கம்பளம் காய்ந்திருந்தது.

தடுப்பு உயர்ந்தது.
தண்டவாளத்தில் வண்டி குதித்த குதியில்
லீவர் தானே வழுக்கிச்
சிவப்புக்கே திரும்பிவிட்டது.
நாளை அதன் அடியில்
ஒரு துண்டுக் கம்பளி ஒட்ட வேண்டும்.